உதகையில் குறைந்த வாடகையில் குடும்பத்தோடு தங்குவது எப்படி? வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உதகமண்டலத்தில் அறை தேடத் தொடங்கும்போது நம்மில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உடன் வருபவர்களில் உடல் வலு மிகக் குறைந்தவர் யார்? முழங்கால் வலியுள்ள அம்மாவா, கைக்குழந்தையா, மூச்சிழுப்பு உள்ள பெரியவரா என்று முடிவுசெய்து, அவருக்கு ஏற்ற அறையைத் தேடினால், சிறிய விடுதியிலும் குடும்பம் முழுவதும் நிம்மதியாக மூன்று நாள் தங்கலாம். அவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டினால், நல்ல விடுதிகூட நமக்குக் கெட்ட விடுதியாகிவிடும்.

இதை நான் என் அம்மாவைச் சிரமப்படுத்திய பிறகே கற்றுக்கொண்டேன். அம்மா, அத்தை, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேர் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பியபோது, அம்மாவால் மாடி ஏற முடியாது என்று சொல்லி, தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தேன். போய் இறங்கிப் பார்த்தால், விடுதியின் வரவேற்பறை சாலை மட்டத்தில் இருந்தது. 'தரைத்தளம்' என்று அவர்கள் சொன்ன அறையோ சரிவில் நாற்பத்திரண்டு படிகள் இறங்கியபின் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மலைச்சரிவில் கட்டப்பட்ட கட்டடத்துக்குத் தரை என்பது சாலையிலிருந்து மூன்று மாடி கீழே இருக்கலாம். கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் மேடு பள்ளமில்லாத தெருக்களில் வளர்ந்த நமக்கு அது தோன்றுவதில்லை. அந்த மூன்று நாளும் அம்மா காலையில் ஒரு முறை ஏறினால் இரவில்தான் இறங்கினார். இடையில் ஓய்வெடுக்க அறைக்குத் திரும்பவே இல்லை. ஆகவே, மலையூரில் 'எந்த மாடி' என்று கேட்பதால் பயனில்லை. 'வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை, ஏறவும் இறங்கவும் சேர்த்து எத்தனை படிகள்?' என்றே கேட்க வேண்டும்.

எப்போது போவது என்பதைப் பொறுத்தே வாடகை அமையும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை உள்ள சீசனிலும், பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் ஆகியவற்றை ஒட்டிய தொடர் விடுமுறைகளிலும், அதே அறைக்கு இரண்டு மடங்கு வாடகை கேட்பது அங்கே வழக்கம். மே மாதத்தில் அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் குறைந்த வாடகை அறை என்பதே அரிது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை விட்டு வேறு நாளில் போக முடியாதவர்களுக்குச் செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறையே ஏற்றது. இரண்டாவது சீசன் என்று சொல்லப்படும் அக்காலத்தில் பூங்காக்களில் பூக்கள் இருக்கும், கூட்டமும் மே மாதத்தைவிடக் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பங்கள் பிப்ரவரியில் போகலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் என்பதால், முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அப்போது செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடத்தைப் பொறுத்தவரை, சேரிங் கிராஸ், கமர்ஷியல் சாலைப் பகுதியில் தங்கினால் உணவகமும் மருந்துக்கடையும் நடக்கும் தொலைவில் கிடைக்கும். தாவரவியல் பூங்காவும் அதிகத் தொலைவில்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், ஏரி ஆகியவை ஊரின் மறுபக்கத்தில் ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன. சாமான்களோடும் பெரியவர்களோடும் வருபவர்களுக்கு அந்தப் பகுதி வசதியானது. ஊருக்கு வெளியே தேயிலைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் காட்டேஜ்கள் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆட்டோவோ டாக்ஸியோ பிடிக்க வேண்டியிருந்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதியும் உதகையில் உண்டு. தனியார் விடுதிகளின் வாடகையை ஒப்பிடுவதற்காகவாவது அதன் கட்டணத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அஞ்சுபவர்கள், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் தங்கி, பகலில் மட்டும் உதகைக்குப் போய் வரலாம்.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது, படிகளுக்கு அடுத்ததாக வெந்நீரைப் பற்றி விரிவாகக் கேட்க வேண்டும். '24 மணி நேரமும் வெந்நீர்' என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பிவிடாமல், அந்த வெந்நீர் எப்படி வருகிறது என்று விசாரிக்க வேண்டும். அறைக்குள் மின்சார கீசர் இருக்கலாம். மாடியில் சூரிய வெப்பத்தில் காயும் தொட்டி இருக்கலாம். பழைய விடுதிகளில் விறகு பாய்லரில் காய்ச்சி, காலையில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் குழாயில் விடுவார்கள் அல்லது வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள். சூரிய வெப்பத்தை நம்பியிருக்கும் விடுதியில், மூடுபனி கவிந்த நாளில் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் வராது. பாய்லர் விடுதியில் காலை 6 மணி முதல் 9 மணி வரை என்று சொன்னால், அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஆறு பேரும் குளித்தாக வேண்டும். இவற்றில் எதுவும் குறையன்று. முன்கூட்டியே தெரியாமல் இருப்பதே துன்பம்.

கீசர் உள்ள அறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருப்பதால், 15 லிட்டர் கீசரின் வெந்நீரோடு நிறையப் பச்சைத் தண்ணீர் கலந்து இருவர் தாராளமாகக் குளித்துவிடலாம். உதகையில் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும் குளிர்ச்சியில் வருவதால், அதே 15 லிட்டரில் கலக்கக்கூடிய பச்சைத் தண்ணீர் மிகக் குறைவு. ஒரு வாளிக்குச் சற்று அதிகமாகத்தான் குளிக்கும் பதத்தில் தண்ணீர் கிடைக்கும். ஆகவே ஒருவர் குளித்தபின் அடுத்தவருக்குத் தண்ணீர் காய்வதற்கு இருபது நிமிடமாவது விட வேண்டும். பெரியவர்கள் காலையிலும், பிள்ளைகள் வெயில் ஏறிய நண்பகலிலும் குளிப்பது என்று முறை வைத்துக்கொண்டால் யாரும் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வேண்டியதில்லை. கோடையில் அந்த ஊரிலும் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும். பல விடுதிகள் லாரித் தண்ணீர் வாங்கியே நடத்துகின்றன. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய வியாசர்பாடிக்காரர்களுக்கும் எண்ணூர்க்காரர்களுக்கும் அந்தத் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஷவரைத் திறந்துவிட்டு நிற்காமல் வாளியில் பிடித்துக் குளிப்பதே அங்கே நாம் செய்யக்கூடிய உதவி.

இன்னும் கேட்க வேண்டியவை: அறையில் எத்தனை கட்டில், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, எந்த வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, ஆளுக்கு ஒரு கம்பளி தருவார்களா, அறைக்குள் வெயில் வருமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வெயில் படாத அறையில் சுவரில் ஈரம் கோத்து, பூஞ்சை வாடை அடிக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த வாடை ஒன்றே போதும். மேலாளரிடம் 'எங்கூட வயசான அம்மா வர்றாங்க சார், அவங்களுக்கு இழுப்பு உண்டு, காலையில வெயில் விழுற அறையா பார்த்துக் கொடுங்க' என்று வெளிப்படையாகச் சொன்னால், பெரும்பாலும் அவர்களே மாற்றிக் கொடுப்பார்கள். பேசி முடித்தவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்ற பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

முன்பணம் அனுப்புவதில் மிகுந்த கவனம் தேவை. உண்மையாகவே உள்ள ஒரு விடுதியின் பெயரிலும் படத்திலும் போலி இணையப் பக்கம் வைத்து, யு.பி.ஐ. மூலம் முழு வாடகையையும் வாங்கிக்கொண்டு மறையும் கும்பல்கள் இருக்கின்றன. வழக்கமான வாடகையில் பாதிதான் என்று ஒருவர் சொன்னாலோ, இன்னும் பத்து நிமிடத்தில் முழுப் பணத்தையும் கட்டு என்று அவசரப்படுத்தினாலோ பணம் அனுப்பக்கூடாது. விடுதியின் எண்ணை இரண்டு வேறு இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்து, வீடியோ அழைப்பில் வரவேற்பறையையும் அறையையும் காட்டச் சொல்லி, ஒரு நாள் வாடகையை மட்டும் முன்பணமாகக் கொடுப்பதே பாதுகாப்பு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இருந்துவிடாமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதமின்றி அழைத்தால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம். வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம். பழைய வழக்கப்படி 12 சதவீதம் என்று எவரேனும் சொன்னால் பணிவாகச் சுட்டிக்காட்டலாம். ஆதார் நகல் கொடுக்கும்போது, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படியான மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு அதையே கொடுங்கள்.

போய்ச் சேரும் நேரத்துக்கும் அறை கிடைக்கும் நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்ட்ரலில் இரவு 9 மணியளவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலை ஆறு மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் சேரும். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வழியாக வரும் மெட்ரோ நேராகச் சென்ட்ரலுக்கே போவதால், சாமான்களோடு வண்டி மாறாமல் போய்ச் சேரலாம். மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் உதகை; அதாவது, காலை 10 மணிக்கே விடுதி வாசலில் நிற்போம். விடுதியின் நாளோ பகல் 12 மணிக்கு அல்லது 1 மணிக்குத்தான் தொடங்கும். இரவெல்லாம் பயணம் செய்த பெரியவர்களை வரவேற்பறை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடும் விடுதியைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. மலை ரயிலில் ஏறிவிடுவது மற்றொன்று. அது காலை 7 மணிக்குச் சற்றுப் பின் மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, 46 கிலோமீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கடந்து, நண்பகலில் உதகை சேருவதால் அறை நேரத்தோடு சரியாகப் பொருந்தும். 1908-இல் உதகை வரை நீட்டிக்கப்பட்டு, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த ரயிலில் இடம் மிகக் குறைவு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்கும்; அன்று காலையிலேயே எடுத்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து ரயில் அடிக்கடி நிறுத்தப்படும் என்பதால், அக்டோபர் நடு முதல் டிசம்பர் வரை அதை மட்டும் நம்பித் திட்டமிடக்கூடாது.

சொந்த வண்டியிலோ வேனிலோ போகிறவர்கள், நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. விடுதியில் பணம் கட்டுவதற்கு முன்பே இ-பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே சரியான வரிசை. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூட்டை கட்டும்போது ஒரு தடித்த சுவெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மூன்று மெல்லிய உடைகளே நன்கு காக்கும். பகல் வெயிலில் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கான உள்ளாடைகளையும் காலுறைகளையும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே வாங்கிவிடுங்கள். கம்பளித் தொப்பி, சால்வை போன்றவற்றை உதகையில் தாவரவியல் பூங்கா அருகே உள்ள திபெத்தியர் கடைகளில் பார்த்து வாங்கலாம். துவைத்த துணி அங்கே மூன்று நாளானாலும் காயாது. ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், அகன்ற வாய் உள்ள டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். உதடும் குதிகாலும் வெடிக்கும், வாஸ்லீன் அவசியம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் நீலகிரி மாவட்டத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. மலையேறும் வழியில் உள்ள சோதனைச் சாவடிகளில் வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும், குடும்பத்துக்கு ஒரு பெரிய பிளாஸ்கும் போதும். குடிநீரைத் தண்ணீர் ஏ.டி.எம்.களில் பிடித்துக்கொள்ளலாம்.

அறைச் சாவி கைக்கு வந்ததும் சாமான்களைப் பிரிக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து, கையில் சூடு வரும்வரை காத்திருங்கள். மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளிகளை எண்ணுங்கள். உள்தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, கழிப்பறைத் தண்ணீர், சுவிட்சுகள் இவ்வளவே. குறை இருந்தால் அப்போதே சொன்னால் அறையை மாற்றித் தருவார்கள். இரவு பத்து மணிக்குச் சொன்னால் மாற்ற அறை இருக்காது. அறையில் மின்விசிறி இல்லையே என்று நம் பிள்ளைகள் முதல் இரவு கேட்பார்கள். விசிறிச் சத்தம் இல்லாமல் உறங்கியே பழகாத பிள்ளைகளுக்கு அந்த அமைதி புதிதாக இருக்கும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து மிகுந்த அக்கறையோடு படியுங்கள். குளிர் தாங்கவில்லை என்று, கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ அறைக்குள் கொண்டுவந்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒருபோதும் உறங்கக்கூடாது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே மயக்கமாக்கி உயிரை எடுத்துவிடும். வெளியே கரி அடுப்பில் கறி சுட்டுச் சாப்பிட்டு, அணைந்துவிட்டது என்று நினைத்து அந்த அடுப்பை அறைக்குள் எடுத்து வைத்து உறங்கியவர்கள் மறுநாள் காலை எழாமல் போன துயரங்கள் நம் மலையூர்களிலேயே நடந்திருக்கின்றன. சாம்பல் மூடிய கரியும் மணிக்கணக்கில் அந்த வாயுவை வெளிவிடும். காற்றுப் போக்கி இல்லாத குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. அறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறதென்றால் அந்த அறையை நான் எடுக்க மாட்டேன். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஒருவர் குளித்ததும் அணைத்துவிட வேண்டும். குளிருக்குச் சரியான வழி, கூடுதல் கம்பளி கேட்பதும், வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையைக் கால்மாட்டில் துணி சுற்றி வைப்பதும், வாடகைக்குத் தரும் மின்சார ஹீட்டரை உறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு அணைப்பதும்தான்.

அறைக்குள் சமைப்பதை விடுதிகள் அனுமதிப்பதில்லை. அதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பும் சாதமும் வேக வெகுநேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிட்டுப் பழகிய நாம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும்: அங்கே சிறிய மெஸ்கள் ஒன்பது மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்கில் வெந்நீரும் பாலும் வாங்கி வந்துவிட்டால் குழந்தைக்கும் மாத்திரை போடுபவர்களுக்கும் இரவு முழுவதும் போதும். சாப்பாட்டு மிச்சத்தை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். குரங்குகள் கதவைத் திறக்கவும் தெரிந்தவை. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் காட்டெருமைகளும் கரடிகளும் குடியிருப்புகளுக்குள் வருவதால், இருட்டிய பிறகு விளக்கில்லாத பாதையில் காலார நடக்கப் போக வேண்டாம்.

விடுதியில் வேலை செய்பவர்களை மரியாதையாக அழைத்துப் பேசுவதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி அழைத்துப் போங்கள். விடிவதற்கு முன் எழுந்து பாய்லர் மூட்டும் அண்ணனுக்கும், ஆறு பேர் படுத்த படுக்கையை உதறிப்போடும் அக்காவுக்கும் கிளம்பும்போது கையில் கொஞ்சம் பணம் கொடுப்பதைச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். எனக்கு இரண்டாவது முறை நல்ல அறை கிடைத்தது, முதல் முறை தங்கிய இடத்தில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வழிகாட்டியதால்தான். 'படி இல்லாத அறை பாட்டிம்மாவுக்கு வேணும்னா அங்கே போங்க சார்' என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

கிளம்பும் நாளில் பகல் 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்துவிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும் ரயில் இரவில்தான். இடைப்பட்ட நேரத்துக்குச் சாமான்களை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டால், பிள்ளைகள் ஏரிக்கரைக்கு இன்னொரு முறை போய்வரலாம். சீசனில் மலைப்பாதை ஒருவழியாக்கப்பட்டு, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக அனுப்புவதாலும், மாலையில் மூடுபனி இறங்குவதாலும், பேருந்தில் இறங்குபவர்கள் மாலை நான்கு மணிக்குள் உதகையை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும். ரசீதையும் முன்பணக் கணக்கையும் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர்ந்ததும் சுவெட்டர்களை அப்படியே பீரோவில் வைக்காமல், மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வேப்பிலையோடு மடித்து வையுங்கள். மலையின் ஈரம் கம்பளியை விட்டுப் போக அவ்வளவு வெயில் தேவைப்படுகிறது.